பைப்பர் கப் விமானத்தில் மூன்று கிழிசல்கள்: இரண்டை ஒட்டினோம், ஒன்றை ஒட்டவில்லை

1946இல் செய்த பைப்பர் ஜே-3 கப் ஒன்று ஆண்டுப் பரிசோதனைக்கு வந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் சின்ன விமானம். 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், எஃகுக் குழாய்ச் சட்டம், அதன் மேல் இழுத்துப் போர்த்திய துணி. 1938 தொடங்கி 1947 வரை இந்த வகையில் ஏறக்குறைய 20,000 விமானங்கள் வெளிவந்தன. இன்றும் நிறையப் பறக்கின்றன. அவற்றின் துணியைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.

இந்த விமானத்தின் துணியில் மூன்று இடங்களில் கிழிசல் இருந்தது. முதலாவது உடலின் அடிவயிற்றில், சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால், ட வடிவில். ஒரு கை 3 அங்குலம், இன்னொன்று 2 அங்குலம். இரண்டாவது உடலின் பின்பாதியில், பக்கவாட்டில், ஓர் அங்குல நீளக் கீறல். மூன்றாவது வாலில், கிடைமட்ட ஸ்டேபிலைசரின் (வாலில் அசையாமல் நிற்கும் சின்ன இறக்கை) மேல்பக்கம், முன்விளிம்பை ஒட்டி 2 அங்குலத்துக்கு முடி போன்ற ஒரு பிளவு. மூன்றின் மேலும் உரிமையாளர் பிளாஸ்டிக் டேப் ஒட்டி வைத்திருந்தார்.

“அண்ணே, மூணும் சின்னதுதானே? ஒரு மத்தியானத்துல ஒட்டிரலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்றையும் சேர்த்தாலும் ஒரு சாண் நீளம் வராது. ஆனால் துணி விமானத்தில் கிழிசலின் நீளம் இரண்டாவது கேள்வி. அது ஏன் கிழிந்தது, சுற்றியிருக்கும் துணி ஓர் ஒட்டைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. இந்த மூன்றுக்கும் விடை வெவ்வேறாக வந்தது. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

முதலில் என்ன துணி, என்ன பூச்சு

பசையைத் தொடுவதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும். பழைய விமானங்களில் பருத்தித் துணியின் மேல் டோப் என்ற, துணியை இறுக்கிக் காக்கும் பூச்சைப் பூசியிருப்பார்கள். டோப்பிலும் நைட்ரேட், பியூட்டிரேட் என இரண்டு வகை உண்டு. பின்னர் பாலியெஸ்டர் துணி வந்தது. அதன் மேல் டோப்பும் பூசலாம். ரே ஸ்டிட்ஸ் உருவாக்கிய பாலி-ஃபைபர் போன்ற வினைல் அடிப்படையிலான பூச்சும் பூசலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள்தான்.

ஒரு பூச்சின் மேல் இன்னொன்று ஒட்டுமா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. நைட்ரேட்டின் மேல் பியூட்டிரேட் பூசலாம். பியூட்டிரேட்டின் மேல் நைட்ரேட் நிற்காது. வினைல் பூச்சின் மேல் டோப்பும் சரிப்படாது. தப்பான பூச்சில் போட்ட ஒட்டு, தரையில் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். சில மாதம் வெயிலும் காற்றும் பட்டபின் ஓரத்தில் தூக்கும். அப்புறம் காற்று விரல் விட்டு உரித்துவிடும்.

விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் இறக்கைகளுக்கும் உடலுக்கும் பாலி-ஃபைபர் முறையில் புதுத்துணி போட்டதாகப் பதிவு இருந்தது. வாலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது இல்லாததே ஒரு தகவல்தான். சரக்குப் பெட்டிப் பக்கமாக விளக்கு விட்டு உடலின் உள்பக்கத் துணியைப் பார்த்தோம். துணி நிறுவனத்தின் அங்கீகார முத்திரை துணியிலேயே வரிசையாக அச்சாகியிருந்தது. பதிவு சரி. வால் கிழிசலின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து எடுத்து, விமானத்திலிருந்து தள்ளிப்போய், வெளியே வைத்துக் கொளுத்தினோம். பாலியெஸ்டராக இருந்தால் நூல் நெருப்பைக் கண்டு சுருங்கி, உருகி, கறுத்துக் கெட்டியான மணியாக நிற்கும். இது காகிதம் எரிவதுபோல எரிந்து மெல்லிய சாம்பலாக உதிர்ந்தது. பருத்தி. ஆக, ஒரே விமானத்தில் இரண்டு காலத்துத் துணிகள்.

அடிவயிறு: வெளியிலிருந்து வந்த அடி

இதன் காரணம் பார்த்தவுடனே தெரிந்தது. துணியின் ஓரங்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. சுற்றிலும் சக்கரம் தெறித்த சிறுகற்களின் தடங்கள். ட வடிவக் கிழிசலுக்கு வழக்கமான காரணம் இதுதான்: ஒரு கூர்மையான பொருள் குத்தி, துணியைக் குறுக்கு நூலிலும் நெட்டு நூலிலும் ஒரே நேரத்தில் அறுக்கிறது. ஓரத்தை விரலால் அழுத்தியும் கிள்ளி இழுத்தும் பார்த்தோம். துணி உறுதியாக இருந்தது, கிழிசல் நீளவில்லை. இரவில் உடலுக்குள் ஒரு பல்பை ஏற்றி வெளியே சுற்றி வந்தோம். எங்கும் வெளிச்சம் கசியவில்லை. பாலியெஸ்டரின் எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர். அதை மறிப்பது பூச்சில் உள்ள அலுமினியத் தூள் அடுக்கு. அந்த அடுக்கு சேதமில்லாமல் இருந்தால் உள்ளேயுள்ள துணியும் நன்றாக இருக்கும் என்று நம்பலாம்.

ஆக இது ஒட்டுப் போடத் தகுந்த கிழிசல். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டியின் இரண்டாம் அத்தியாயம் இந்த வேலைக்கே எழுதப்பட்டது. துணி எதுவும் காணாமல் போகாமல் கிழிந்து மட்டும் இருந்தால், வளைந்த ஊசியால் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்து, மேலே நாடா ஒட்டச் சொல்கிறது. 8 அங்குலம் வரையிலான கிழிசலுக்கு 3 அங்குல அகல நாடா. 16 அங்குலம் வரை 4 அங்குலம். அதற்கும் மேலே போனாலோ, கிழிசல் இறக்கையின் மேல்பரப்பில் இருந்தாலோ, விமானத்தின் உச்ச வேக வரம்பு மணிக்கு 150 மைலைத் தாண்டினாலோ 6 அங்குலம். இறக்கையின் மேல்பக்கத்துக்கு ஏன் தனிக் கவனம்? பறக்கும்போது அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, உள்ளே அதிகம். துணி எப்போதும் மேல்நோக்கி உப்ப முயலும். ஓர் ஓரம் தூக்கினால் அதைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

வேலையில் மிக அதிக நேரம் பிடித்தது சுத்தம் செய்வதுதான். இந்த வகை விமானத்தின் அடிவயிறு எஞ்சின் எண்ணெயும் புகையும் படிந்தே இருக்கும். கிழிசல் வழியாக எண்ணெய் துணியின் உள்பக்கமும் போயிருந்தது. எண்ணெய் குடித்த துணியில் எந்தப் பசையும் பிடிக்காது. டேப்பின் பிசினை வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, பிறகு பரப்பு சுத்தம் செய்யும் திரவத்தால் வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தோம். இதில் அவசரப்பட்டால் பின்னால் செய்கிற எதுவும் நிற்காது.

அடுத்து மேல்பூச்சை எடுப்பது. எம்.இ.கே கரைப்பானில் நனைத்த துணியைக் கிழிசலைச் சுற்றிப் போர்த்திச் சில நிமிடம் விட்டால், மஞ்சள் பூச்சு இளகிக் கையோடு வரும். அதன் கீழே வெள்ளி நிறம், அதற்கும் கீழே இளஞ்சிவப்பில் அடிப்பூச்சு. இளஞ்சிவப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இங்கே உப்புத்தாள் கூடாது. பாலியெஸ்டர் இழைகள் மிக மெல்லியவை. நாலு இழுப்பு அழுத்தி இழுத்தால் பூச்சோடு சேர்த்து இழையின் வலுவையும் தேய்த்துவிடுவோம். கையுறை, ஆவி வடிகட்டும் முகக்கவசம், நல்ல காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். விமானத்தைத் தரையோடு கம்பியால் இணைத்தும் வைத்தோம். செயற்கைத் துணியை வேகமாகத் துடைத்தால் நிலைமின்சாரம் சேரும். எம்.இ.கே ஆவிக்கு ஒரு பொறி போதும். நைட்ரேட் டோப் பூசிய துணியாக இருந்திருந்தால் இந்த எச்சரிக்கை இன்னும் பல மடங்கு. அது காய்ந்த பின்பும் எளிதில் தீப்பிடிக்கும்.

ட வடிவக் கிழிசலைத் தைக்க ஆரம்பிக்க வேண்டிய இடம் மூலை. பலரும் ஏதாவது ஒரு முனையிலிருந்து தொடங்குவார்கள். மூலைக்கு வந்து சேரும்போது ஒரு பக்கத் துணி மிஞ்சிச் சுருக்கம் விழுந்திருக்கும். மூலையை முதலில் சேர்த்துக் கட்டிவிட்டு இரண்டு கைகளையும் வெளிநோக்கித் தைத்துக்கொண்டு போனால் ஓரங்கள் தத்தம் இடத்திலேயே நிற்கும். தையல் பேஸ்பால் பந்தில் இருக்கும் அதே தையல். ஊசி கிழிசலுக்குள் இறங்கி, ஓர் ஓரத்தின் அடியிலிருந்து மேலே வரும். மறுபடி கிழிசலுக்குள் இறங்கி, எதிர் ஓரத்தின் அடியிலிருந்து மேலே வரும். அங்குலத்துக்கு நான்கு தையல், எட்டுப் பத்துத் தையலுக்கு ஒரு பூட்டு முடிச்சு, மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூல். இழுக்கும் அளவு கைக்குத்தான் தெரியும்: ஓரங்கள் முத்தமிட வேண்டும், ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது.

வழிகாட்டிப்படி இரண்டு கைகளுக்கும் தனித்தனி நாடா போடலாம். மூலையில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கனக்கும் என்பதால் ஒரே ஒட்டாக வெட்டினோம். தையலின் எல்லாப் பக்கமும் 2 அங்குலம் தாண்டும்படி, மூலைகளை வட்டமாக்கி, ஜிக்ஜாக் கத்தரியால். பல் வெட்டான ஓரம் அழகுக்காக அல்ல. நேராக வெட்டினால் ஓரத்து நூல் ஒன்று பிரிந்தாலே முழு நீளத்துக்கும் உருவிக்கொண்டு வரும். பல் வெட்டில் எந்த நூலும் ஓரம் நெடுகிலும் ஓடாது. பிரிந்தாலும் ஒரு பல்லோடு நின்றுவிடும்.

அடிப்பூச்சை ஈரமாகப் பூசி, ஒட்டை அதன் மேல் படுக்க வைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி விரலால் நீவி, மேலேயும் ஒரு பூச்சு. புதுப்பூச்சின் கரைப்பான் பழைய பூச்சை இளக்கி, இரண்டும் ஒரே படலமாகக் காய்கிறது. இந்த ஒட்டின் பலமெல்லாம் இதில்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் ரப்பர் பசையோ உடனடிப் பசையோ இந்த வேலைக்கு ஆகாது என்று சொல்வதும் இதனால்தான். அவை மேலே உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்காது. பளபளப்புக்காகப் பழைய விமானங்களின் மேல் பாலியூரிதேன் பெயின்ட் அடிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்தப் பெயின்ட் காய்ந்துவிட்டால் கரைப்பானில் இளகாது. அடுத்த சின்னக் கிழிசலுக்கு அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், தேய்த்தால் துணி போகும். தன் கரைப்பானிலேயே திரும்ப இளகும் பூச்சுதான் பழுது பார்க்கக்கூடிய பூச்சு.

காய்ந்த மறுநாள் சின்ன இஸ்திரிப்பெட்டியால் பல் ஓரங்களைப் படியவைத்தோம். பாலியெஸ்டர் சூட்டில் சுருங்கி விறைக்கும். புதுத்துணி போர்த்தும்போது 250, 300, கடைசியாக 350 டிகிரி பாரன்ஹீட் என்று படிப்படியாக ஏற்றுவார்கள். 350, அதாவது 177 செல்சியஸ், உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் துணி விறைப்பை இழக்க ஆரம்பிக்கும். ஆனால் பசை இருக்கும் இடத்தில் அவ்வளவு சூடு கூடாது, பசை இளகிவிடும். ஓரங்களுக்கு 225 பாரன்ஹீட் போதும், அது 107 செல்சியஸ். இஸ்திரிப்பெட்டியின் குமிழில் உள்ள எண்ணை நம்பக்கூடாது. தகட்டின் மேல் வெப்பமானி வைத்துப் பார்த்துத்தான் குமிழில் கோடு போட வேண்டும்.

பிறகு வெள்ளிப்பூச்சு குறுக்கும் நெடுக்குமாக, மறுபடி பல்பு சோதனை, கடைசியில் மஞ்சள். புது மஞ்சள் பழைய மஞ்சளோடு ஒத்துப்போகவில்லை, பளிச்சென்று தெரிகிறது. உரிமையாளர் அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார். எனக்கும் அதுவே சரியாகப்பட்டது. அடுத்து பரிசோதிப்பவர் கண் நேராக அங்கே போகும்.

பக்கவாட்டுக் கீறல்: உள்ளிருந்து வந்தது

இதை முதல் கிழிசல் போலவே ஒட்டியிருந்தால் சில மாதத்தில் அதே இடத்தில் திரும்பக் கிழிந்திருக்கும். கீறல் ஒரு ஸ்ட்ரிங்கரின் (துணிக்கு அடியில் நீளவாக்கில் ஓடி உடலுக்கு வடிவம் தரும் மெல்லிய பட்டை) கோட்டில், அதே திசையில் ஓடியது. இழைகளின் நுனி வெளிநோக்கிப் பிசிறடித்திருந்தது. வெளியிலிருந்து எதுவும் படவில்லை என்பதற்கு இந்த இரண்டு அடையாளமும் போதும். உள்ளே கண்ணாடியும் விளக்கும் விட்டுப் பார்த்ததில், ஸ்ட்ரிங்கரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் தகட்டுக் கவ்வி ஒன்றின் ஓரம் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உலோகத்துக்கும் துணிக்கும் நடுவே இருக்க வேண்டிய உரசல் தடுப்பு நாடா காய்ந்து உரிந்து தொங்கியது. எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஓரம் துணியை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கவ்வியின் விளிம்பை அரத்தால் மழுக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, புது நாடா சுற்றினோம். அதே வரிசையில் இருந்த மற்றக் கவ்விகளையும் பார்த்தோம். இன்னும் சிலவற்றில் நாடா தளர்ந்திருந்தது. அவற்றையும் மாற்றினோம். அதன் பிறகு வெளியே போட்ட ஒட்டு சின்ன வேலைதான், முறை அதேதான்.

இதுபோன்ற சின்ன ஓட்டைக்கு இன்னொரு நல்ல வழியும் உண்டு. அந்த இடத்தில் பிளாஸ்டிக் பரிசோதனை வளையம் ஒன்றை ஒட்டி, நடுவே வெட்டி, மூடி போட்டுவிடலாம். ஓட்டை மறையும், உள்ளே எட்டிப்பார்க்க நிரந்தரமாக ஒரு ஜன்னலும் கிடைக்கும். இங்கே ஸ்ட்ரிங்கர் குறுக்கே போனதால் வளையம் உட்காரவில்லை.

வால்: ஒட்டக் கூடாத கிழிசல்

பார்வைக்கு மூன்றிலும் மிகச் சாதாரணமானது இதுதான். முடி போன்ற ஒரு கோடு. கல் தடம் இல்லை, உள்ளே உரசும் பொருளும் இல்லை. ஆனால் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தியதும் கோடு கொஞ்சம் நீண்டது. சுற்றியுள்ள டோப்பில் வட்ட வட்டமாக நுண்ணிய வெடிப்புகள். இந்த விமானம் கொட்டகையில் நிற்கும்போது வால் வாசல் பக்கம் இருக்கும், பகலெல்லாம் வெயில் அதன் மேல்பக்கத்தில் விழும் என்று உரிமையாளர் சொன்னதும் காரணம் பிடிபட்டது. காலப்போக்கில் டோப் தன் நெகிழ்வை இழந்து வெடிக்கிறது. வெடிப்பு வழியாக வெயிலும் ஈரமும் பருத்தியைத் தொடுகின்றன. நூல் மட்கத் தொடங்குகிறது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது, எண் வேண்டும். விமானத் துணிக்கு எழுதிய வரம்பு உண்டு: அந்த விமானத்துக்கு விதிக்கப்பட்ட புதுத்துணி பலத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஏ தரப் பருத்தி புதிதாக இருக்கையில் அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு தாங்க வேண்டும், தேய்ந்தபின் குறைந்தது 56. இறக்கைச் சுமை சதுர அடிக்கு 9 பவுண்டுக்கும், உச்ச வேக வரம்பு மணிக்கு 160 மைலுக்கும் கீழே இருக்கும் விமானங்களுக்கு இடைத்தரத் துணியே போதும். அதற்கு 65, தேய்ந்தபின் 46. இந்த வகை பைப்பரின் இறக்கைச் சுமை 7 பவுண்டுக்கும் குறைவு, உச்ச வேக வரம்பு 122 மைல். ஆக, எங்கள் கோடு 46 பவுண்டு.

துணியைக் குத்தி அழுத்திப் பலம் பார்க்கும் மால் சோதனைக் கருவியால் ஸ்டேபிலைசரின் மேல்பக்கம் அழுத்திப் பார்த்தோம். வரம்புக்கு முன்பே துணியைத் துளைத்துக்கொண்டு போனது. கீழ்ப்பக்கத்தில் நன்றாகத் தாங்கியது. இந்தச் சோதனையை எப்போதும் வெயில் படும் மேல்பக்கத்தில்தான் செய்ய வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இருந்தாலும் குத்துக் கருவி டோப்பின் பலத்தையும் சேர்த்துத்தான் காட்டும். அதனால் கிழிசல் பக்கத்திலிருந்தே ஓர் அங்குல அகலப் பட்டை வெட்டி, டோப்பைக் கரைத்து எடுத்துவிட்டு, வெறும் துணியாக எடை தொங்கவிட்டு இழுத்தோம். 46ஐ எட்டுவதற்குள் அறுந்தது.

இதன் மேல் ஒட்டுப் போட்டால் என்ன ஆகும்? ஒட்டு நன்றாகவே பிடிக்கும். பியூட்டிரேட் டோப் காயும்போது சுருங்கி இழுக்கும். அந்த இழுப்பு முழுவதும் ஒட்டின் ஓரத்தில் உள்ள நலிந்த துணியின் மேல் விழும். அடுத்த கிழிசல் ஒட்டைச் சுற்றியே வரும். முன்விளிம்புக்குப் பக்கத்தில், காற்றோட்டத்துக்குக் குறுக்கே வரும் கிழிசல் திறந்துகொள்ள அதிக நேரம் எடுக்காது. உரிமையாளரிடம் அறுந்த பட்டையைக் கையில் கொடுத்தேன். அவர் அதன் இன்னொரு முனையைத் தானே இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சு எப்போது பிரிக்கலாம் என்பதாக மாறிவிட்டது.

இங்கே சட்டமும் வேறாகிவிடுகிறது. எஃப்.ஏ.ஏ விதி 43இன் பின்னிணைப்பு ஏ, ரிப் தையலோ (துணியைச் சட்டத்தின் விலாக்களோடு சேர்த்துக் கட்டும் தையல்), கட்டமைப்புப் பாகங்களையோ கட்டுப்பாட்டுப் பரப்புகளையோ கழற்றுவதோ தேவைப்படாத எளிய துணி ஒட்டுகளைத் தடுப்புப் பராமரிப்பில் சேர்க்கிறது. அந்த விதியின் கீழ், விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தன் சொந்த விமானத்தில் அதைத் தானே செய்து லாக்புக்கில் எழுதிக் கையொப்பமிடலாம். முதல் இரண்டு கிழிசல்களும் அந்த வகை. வால் அப்படியல்ல. பருத்தியிலிருந்து பாலியெஸ்டருக்கு மாறுவது அங்கீகரிக்கப்பட்ட மாற்று முறையின்படிதான் நடக்க வேண்டும். துணி, பசை, பூச்சு எல்லாம் அந்த ஒரே முறையின் பொருட்களாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற பொறியாளரின் கையொப்பமும் தனி ஆவணமும் வேண்டும்.

ஸ்டேபிலைசரோடு, அதன் பின்னால் கீலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர்களையும் கழற்றினோம். அதே வயது, அதே வெயில். துணியை வெட்டி எடுத்தபோது கீழ்ப்பக்கத்து வடிகால் துளைகளில் இரண்டு டோப்பால் அடைபட்டிருந்தது தெரிந்தது. அந்த இடத்தில் எஃகுக் குழாயில் துரு. கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்ததில் மேலோட்டமான துருதான். குழாய்ச் சுவரின் கனத்தை மீயொலிக் கருவியால் அளந்து, குறையவில்லை என்று உறுதிசெய்து, எபாக்சி பிரைமர் அடித்தோம். இந்தக் குழாயை ஒட்டு எதுவும் காட்டிக் கொடுத்திருக்காது.

புதுத்துணி போர்த்தியபின் ரிப் தையலைப் பழைய துளைகளின் இடைவெளியிலேயே போட்டோம். எலிவேட்டரில் பூச்சை வேண்டிய அளவுக்கு மட்டும் அடித்தோம். கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு அவுன்சும், எலிவேட்டர் காற்றில் படபடவென்று அதிரும் ஆபத்தைக் கூட்டும், வால் கனத்தால் விமானத்தின் எடைமையமும் பின்னால் நகரும். அதனால் பாகங்களைக் கழற்றியபோதும் பூட்டும் முன்பும் எடை போட்டு, எடைக் கணக்கைத் திருத்தி எழுதினோம்.

லாக்புக்கில் மூன்று தனிப் பதிவுகள் போயின. ஒவ்வொன்றிலும் இடம், அளவு, காரணம், பயன்படுத்திய பொருள். கீறலின் பதிவில் எந்தெந்தக் கவ்விகளுக்கு நாடா மாற்றினோம் என்பதையும், அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் அதே வரிசையை உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். இதற்கு முன் வாலுக்கு எந்தப் பதிவும் இல்லாமல் இருந்தது. இப்போது துணியின் முத்திரை எண்ணோடு முழுப் பதிவு இருக்கிறது. அறுந்த பருத்திப் பட்டையையும் ஓர் உறையில் போட்டு அந்தப் பக்கத்தோடு இணைத்திருக்கிறோம்.